பதினான்கு ‘இல்லை’

அப்பாவின் படிவத்தை நிரப்பியது நான்தான். பழி யார் மேல் என்று யாரும் தேட வேண்டாம் என்பதற்காக அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் பதினான்கு கேள்விகள். வலிப்பு வந்ததுண்டா? இல்லை. தலையில் அறுவைச் சிகிச்சை? இல்லை. பேஸ்மேக்கர்? இல்லை. காதுக்குள் பொருத்திய கருவி? இல்லை. தலையிலோ கண்ணிலோ கழுத்திலோ உலோகத் துண்டு? அப்பாவின் தலையில் முடியே கிடையாது, உலோகம் எங்கிருந்து வரும்? இல்லை. பதினான்குக்கும் டிக் அடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும் நான் ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்று ஜூலையோடு அப்பா பேசாமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பேசாமல் என்றால் ஊமை மாதிரி இல்லை. கேட்டதற்கு ‘ம்’ சொல்வார். அப்பா உமாசங்கர், பாலாநகரில் ஒரு அரசுத் தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபோர்மேன். காலை ஏழே காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற ஆள். அவர் கட்டில் விளிம்பில் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, இன்னொரு சாக்ஸைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். மன அழுத்த நோய் என்றார்கள். ஒரு மாத்திரை கையை நடுங்க வைத்தது. அடுத்தது பகல் முழுக்கத் தூங்க வைத்தது. மூன்றாவது ஒன்றுமே செய்யவில்லை. மெடிக்கல் லீவ் தீர்ந்துகொண்டே வந்தது.

ஆபீஸ் பஸ்ஸில் படித்துத்தான் காந்த சிகிச்சையைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்றே அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினேன். காபி டம்ளரைத் தலையாகவும் தோசைக் கரண்டியைக் கருவியாகவும் வைத்து விளக்கினேன்.

“ஷாக்கா?” என்றாள் அம்மா.

“ஷாக் இல்லம்மா. மயக்க மருந்து கூடக் கிடையாது. முழிச்சுட்டே சேர்ல உக்காந்திருக்கலாம்.”

“எங்கேயாவது உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல படிச்சுட்டு வந்து என் புருஷன் தலையில வைக்காதடி.”

“அதனாலதான் டாக்டர்கிட்ட போலாங்கறேன்.”

மாரேட்பள்ளியில் கிளினிக். டாக்டர் எலிசபெத் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். ஐம்பது வயது இருக்கும். நான் கொண்டுபோன நாற்பது பக்க ப்ரிண்ட் அவுட்டை அழகாக வாங்கி, அழகாக மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

“சார், நெத்திக்கு இடது பக்கம் ஒரு காயில், கம்பிச் சுருள், வெப்போம். அதுல இருந்து காந்தத் துடிப்பு உள்ள போகும். அது மூளையில அந்த இடத்துல மட்டும் சின்னதா கரண்ட்டை உண்டாக்கும். தூங்கிட்டிருக்கற இடத்தைத் தட்டி எழுப்பற மாதிரின்னு வெச்சுக்கோங்க. வாரத்துக்கு அஞ்சு நாள், தினம் நாப்பது நிமிஷம், ஆறு வாரம்.”

“பயமில்லையா?” என்று அம்மா கேட்டாள்.

“மரங்கொத்தி கொத்தற மாதிரி இருக்கும். தலை வலிக்கலாம், முதல் வாரம் போனா பெரும்பாலும் சரியாயிடும். சத்தம் ஜாஸ்தி, காதுக்கு அடைப்பான் தருவோம். வலிப்பு வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் இந்த ஃபார்ம்.”

“எல்லாருக்கும் குணமாயிடுமா?”

“இல்லம்மா. சில பேருக்கு நல்லா ஆகுது, சில பேருக்குப் பாதி, சில பேருக்கு ஒண்ணும் ஆகல. மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கு முயற்சி பண்ணிப் பாக்கலாம்.”

இப்படி நேராகப் பேசியதாலேயே அம்மாவுக்கு டாக்டரைப் பிடித்துவிட்டது. அப்பா ‘ம்’ என்றார். நான் பேனாவை எடுத்தேன். பதினான்கு இல்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் நாள். கருவியை இயக்குபவர் ஏனோக். நாற்பது வயது, பெரிய மீசை, சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற கனத்த குரல். அவர் என் படிவத்தை வாங்கி, கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“இது சார் கையெழுத்து இல்லையே.”

“நான் எழுதினேன்,” என்றேன். “எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“இருக்கட்டும்மா. நான் ஒருதரம் சார்கிட்டயே கேட்டுக்கறேன்.”

பதினான்கையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ‘இல்ல’ என்றார். ஐந்தாவது கேள்விக்கும் அதே குரலில் இல்ல. எனக்கு ஆபீசில் பத்து மணிக்கு மீட்டிங். கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

“புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு காட்டுவேன்,” என்றார் ஏனோக். “அப்பதான் இதுல விஷயம் இருக்குன்னு நம்புவாங்க.” தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். காயிலைத் திருப்பி மல்லாக்க வைத்து, அதன் மேல் நாணயத்தை வைத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பட்டனை அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். நாணயம் ஒரு சாண் உயரம் துள்ளித் தரையில் விழுந்து உருண்டது.

நான் கை தட்டினேன். “அப்பா, பாத்தியா?”

அப்பா நாணயத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கை இடது புருவத்துக்குப் போயிருந்தது. இரண்டு விரலால் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம்,” என்றார். “வீட்டுக்குப் போலாம்.”

எட்டு மாதத்தில் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது. அதுவும் இப்படியா இருக்க வேண்டும்? ஏனோக் கருவியை அணைத்தார். நான்தான் விடவில்லை. படிக்கட்டில் பேசினேன், ஆட்டோவில் பேசினேன், புள்ளிவிவரம் சொன்னேன், வெளிநாட்டு ஆராய்ச்சி சொன்னேன். “இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு ரூபா காசுக்குப் பயந்துட்டியேப்பா,” என்றேன்.  வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “எனக்கு அந்த ட்ரீட்மெண்ட் வேண்டாம்” என்று மட்டும் சுவரிடம் சொன்னார்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. அப்பா சாப்பிடுவதுகூடக் குறைந்தது. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மாத்திரைகள் முடிந்தன, இதுவும் இல்லை என்றால் அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நாலாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மா என்னைக் கேட்காமல் காதர் மாமாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

அப்துல் காதர் மாமா அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே டூல் ரூமில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் ஆம்பூர். ஆனால் வாயில் பாதி ஹைதராபாத். போன வருஷம் ரிட்டயர் ஆனார். கையில் உஸ்மானியா பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார், நேராக அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

“க்யா மியான், சுவர்ல என்ன படம் ஓடுது?”

அப்பா திரும்பவில்லை.

“தேஜு பேட்டா, என்ன நடந்துச்சு?”

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். படிவம், ஏனோக், நாணயம். நாணயம் துள்ளியதும் அப்பா புருவத்தைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னபோது காதர் மாமா மென்றுகொண்டிருந்த பிஸ்கட் பாதியில் நின்றது.

“எந்தப் புருவம்?”

“இடது.”

“அந்த ஃபார்ம்ல கண்ணுகிட்ட இரும்பு இருக்கான்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. இல்லைன்னு போட்டேன்.”

“நீ போட்டே. அவன்கிட்ட கேட்டியா?”

“இல்ல.”

“நல்ல டெஸ்டர் போ,” என்றார். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டார். “சங்கர். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். என்னையும் அம்மாவையும் பார்க்காமல், தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எண்பத்தாறுல துளை போடற டிரில் பிட்டு ஒண்ணு உடைஞ்சு தெறிச்சுது. சேஃப்டி கண்ணாடிய நெத்தி மேல ஏத்தி விட்டிருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை காதர் மாமா சொன்னார். தொழிற்சாலை கேட்டில் ஒரு பெரிய பலகை உண்டு. விபத்து இல்லாத நாட்கள் இத்தனை என்று தினம் காலையில் எண்ணை மாற்றுவார்கள். ஒரு சின்னக் காயம் பதிவானாலும் மறுநாள் அது பூஜ்யம். ஆயிரம் நாள் தொட்டால் முந்நூற்று நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா, பேர் பொறித்து. அப்பாவின் புருவத்தில் துண்டு பாய்ந்தது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்றாம் நாள்.

“ஒன்பது நாள் பாக்கி,” என்றார் காதர் மாமா. “இவன் ரிப்போர்ட் பண்ணினா முந்நூத்தி நாப்பது பேரும் இவனை எண்ணெய்ச் சட்டியில போட்டிருப்பாங்க. ஸ்டோருக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனேன். டயல் கேஜ் நிக்க வைக்கிற காந்தக் கட்டை இருக்குல்ல, அதைப் புருவத்துகிட்ட காட்டினேன். சட்டுனு வந்து ஒட்டிக்கிச்சு துண்டு. கர்ச்சீப்பால துடைச்சேன். காம் கதம், வேலை முடிஞ்சுது.”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னீங்க,” என்றாள் அம்மா.

அம்மா கட்டில் பக்கம் வந்து நின்றாள்.

“நான் அந்தக் கதவு விளிம்புக்கு ஒரு வருஷம் துணி சுத்தி வெச்சிருந்தேன். பழைய புடவையைக் கிழிச்சு.”

“தெரியும்,” என்றார் அப்பா. குரல் மிக மெல்லியதாக இருந்தது. “தினம் பாப்பேன்.”

“சரிப்பா, அதான் மாமா எடுத்துட்டாரே,” என்றேன் நான். “அப்புறம் என்ன?”

அப்பா முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

“டூல் ரூம்ல பிட்டு உடைஞ்சா எல்லாத் துண்டையும் பொறுக்கி, சேத்து வெச்சுப் பொருத்திப் பாக்கணும். முழுசா வந்தாத்தான் மெஷினைத் திரும்ப ஓட்டலாம். நான் அன்னைக்குப் பொருத்திப் பாக்கல. யாராவது பாத்துடுவாங்கன்னு கூட்டித் தள்ளிட்டேன். காதர் எடுத்தது ஒரு துண்டு. மொத்தம் எத்தனை துண்டுன்னு எனக்குத் தெரியாது.”

இருபத்தைந்து வருஷமாக அவருக்குத் தெரியாது. கேள்வி கேட்டபோது, வழக்கம் போல, வாய் ‘இல்ல’ என்றுவிட்டது. நாணயம் துள்ளியபோது புருவம் ஞாபகம் வந்தது.

“அப்பவே சொல்லிருக்கலாமேப்பா.”

“சொன்னா எழுதுவாங்க. எழுதினா லீவு விஷயமா ஆபீஸ் மெடிக்கல் செக்‌ஷனுக்குப் போகும். எந்த வருஷம், ஏன் ரிப்போர்ட் பண்ணலைன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் ஆறு வருஷம் நான்தான் சேஃப்டி கமிட்டி. வருஷா வருஷம் மார்ச் மாசம் மேடை ஏறி, ‘சின்னக் காயத்தையும் மறைக்காதீங்க’ன்னு பேசினேன்.” அப்பா நிறுத்தி மூச்சு வாங்கினார். “முந்நூத்தி நாப்பது பேரும் என் பொய்யால வாங்கின டப்பா அது. இப்பல்லாம் தினம் அதுதான் ஞாபகம் வருது.”

நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காதர் மாமாவோ சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தொடையில் தட்டிச் சிரித்தார். பிஸ்கட் தூள் பறந்தது.

“எதுக்குச் சிரிக்கறே?” என்றார் அப்பா.

“உன் ஒருத்தன் பொய்யாலயா? அரே சங்கர், அந்த ஆயிரம் நாள்ல என் கட்டைவிரல் நகம் ரெண்டு தடவை போச்சு. கையை பேண்ட் பாக்கெட்ல விட்டுக்கிட்டே ஒரு மாசம் சுத்தினேன், சூப்பர்வைசர் நான் திமிர் புடிச்சவன்னு மெமோ கொடுத்தான். சந்திரசேகரன் ஞாபகம் இருக்கா? கால்ல இரும்பு வைஸ் விழுந்து வீங்கிப் போச்சு, ஷூ போட முடியல. வெறுங்காலோட வந்தான். கேட்டா ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கேன்னான்.”

“ஆமா, மாலை போட்டிருந்தானே.”

“ஏப்ரல் மாசத்துலயா?”

அப்பா யோசித்தார். மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா தும்மலா என்று அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்புத்தான். ஒரே ஒரு சின்னச் சிரிப்பு.

“கேன்டீன்ல ராமசுவாமி கொதிக்கிற சாம்பாரைக் கையில ஊத்திக்கிட்டான்,” காதர் மாமா நிறுத்தவில்லை. “முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்தான், பொண்ணு பாக்கப் போறேன்னு. கல்யாணமாகி ரெண்டு குழந்தை அவனுக்கு. எல்லாரும் மறைச்சோம், எல்லாரும் டப்பா வாங்கினோம். நீ மட்டும்தான் அதை இன்னும் தலையில வெச்சுட்டு இருக்கே. நக்கோ மியான், வேணாம், இறக்கி வை.”

நான் அப்போதே டாக்டர் எலிசபெத்துக்குப் போன் செய்தேன். முதலில் என் தப்பைச் சொன்னேன், படிவத்தை அப்பாவைக் கேட்காமல் நிரப்பினேன் என்று. துண்டு விஷயத்தையும் சொன்னேன். “நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா,” என்றார். “அன்னைக்கு அவர் தானே எழுந்து போனார் பாரு, அது ரொம்பப் பெரிய விஷயம்.”

மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி எல்லோரும் பார்த்தோம். கண் சுத்தமாக இருந்தது. ஆனால் இடது புருவ எலும்புக்கு மேலே, சதைக்குள், ரவை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

“இருக்கு,” என்றார் அப்பா. ஏதோ பரீட்சையில் சரியான விடை சொன்னவர் மாதிரி.

“இருக்கு சார். காயில் வெக்கிற இடத்துல இருந்து நாலு விரல் தூரம்.”

“வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?” என்று நான் கேட்டேன்.

“சூடாகியிருக்கலாம். நகர்ந்திருக்கலாம். ஒண்ணுமே ஆகாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை ஒருத்தர் தலையில வெச்சுப் பாக்க மாட்டேன். எடுத்துட்டு வாங்க, தாராளமா ஆரம்பிக்கலாம்.”

அப்பா தயங்கினார். “ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?”

“பழைய உலோகத் துகள், நீக்கப்பட்டது. அவ்வளவுதான். எந்த வருஷம், எந்த ஃபாக்டரின்னு எனக்கு எதுக்கு சார்?”

அப்பாவின் தோள் ஒரு அங்குலம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு கண் டாக்டர், அந்த இடத்தை மட்டும் மரத்துப் போக வைத்து, பதினைந்து நிமிஷத்தில் துகளை எடுத்துவிட்டார். இரண்டு தையல். துகளை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதைத் தூக்கிப் போடச் சொன்னாள். அப்பா தரவில்லை. வெயிலில் நின்று, கட்டுப் போட்ட புருவத்தோடு, குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஹை ஸ்பீட் ஸ்டீல்,” என்றார். “மூணு எம்எம் பிட்டு. நுனி இல்ல இது, பக்கவாட்டுச் சில்லு. அப்போ நுனியைத்தான் காதர் எடுத்திருக்கான். இப்போ கணக்கு சரியாயிடுச்சு.”

நான் வார்த்தைகளை எண்ணினேன். அம்மாவும் எண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

தையல் பிரித்து, புது எக்ஸ்ரேயில் புள்ளி இல்லை என்று பார்த்த பிறகு, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி கிளினிக். ஏனோக் புதுப் படிவத்தை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை வாங்கி, இருபத்தைந்து நிமிஷம் எழுதினார். ஐந்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்து, பக்கத்தில் டூல் ரூம் ரிப்போர்ட் பாணியில் எழுதினார்: இடது புருவம், எஃகு, ஒன்று, நீக்கப்பட்டது, எக்ஸ்ரே இணைப்பு. பதினான்குக்கும் கீழே, சிகிச்சை நாளில் மட்டும் நிரப்ப ஒரு வரி: நேற்று இரவு எவ்வளவு தூங்கினீர்கள்? அதற்கு மூன்று மணி இருபது நிமிஷம் என்று எழுதினார்.

ஏனோக் அதைப் பார்த்து மீசையைத் தடவினார். உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.

“தூக்கம் குறைஞ்சா வலிப்பு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும் சார்,” என்றார் டாக்டர் எலிசபெத். “நல்லா தூங்கிட்டு நாளைக்கு வாங்க.”

ஒரு மாதத்துக்கு முன்பாக இருந்தால் நான் அங்கேயே குதித்திருப்பேன். ஆபீசில் அரை நாள் லீவ் போட்டு வந்திருந்தேன். “சரி டாக்டர்,” என்றேன். அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

மறுநாள் அவர் ஆறரை மணி நேரம் தூங்கியதாக எழுதினார். அம்மா சாட்சி. ஏனோக் அப்பாவின் தலையில் ஒரு துணித் தொப்பியை மாட்டி, அதில் பேனாவால் குறி போட்டார். பிறகு காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்தார். ஒரு இடத்தில் அப்பாவின் வலது கட்டைவிரல் தானாக மேலே துள்ளியது.

“நான் அசைக்கல,” என்றார் அப்பா.

“தெரியும் சார். நாங்கதான் அசைச்சோம். இதை வெச்சுத்தான் உங்களுக்கு எவ்ளோ சக்தி வேணும்னு அளந்துக்குவோம்.”

“ஆளுக்கு ஆள் மாறுமா?”

“மாறும்.”

“இந்த மெஷினை யார் செக் பண்றாங்க? எத்தனை மாசத்துக்கு ஒருதரம்?”

ஏனோக் கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். அப்பா குனிந்து தேதியைப் படித்தார். தலையை ஆட்டினார். காதில் அடைப்பானைச் செருகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். டக் டக் டக் டக். நாலு விநாடி சத்தம், பிறகு ஓய்வு. மறுபடி சத்தம். நான் அன்று முழுசாக நாற்பது நிமிஷம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கால் தாளம் போடவில்லை.

முதல் வாரம் தலைவலி வந்தது. டாக்டர் சொன்ன சாதாரண மாத்திரையில் போயிற்று. இரண்டாவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் அம்மாவும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் கணக்குத் தப்பிவிடும் போல இருந்தது. மூன்றாவது வாரம் அப்பா காலையில் தானே குளித்துவிட்டுக் கிளம்பி நின்றார். அதையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் சமையலறையில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

நாலாவது வாரம், பதினேழாவது நாள். ஏனோக் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். அது கீச்சென்றது. காதில் அடைப்பானைப் பாதி செருகிய அப்பா நிறுத்தினார்.

“இது தினம் கத்துது,” என்றார்.

“பழைய நாற்காலி சார். கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கோம்.”

“கம்பெனி எதுக்கு? கீழ மூட்டுல ஒரு போல்ட் தளர்ந்திருக்கு, அவ்ளோதான். ஆலன் கீ ஒரு செட்டு எடுத்துட்டு வா, அஞ்சே நிமிஷம்.”

“ஐயோ சார், டூல்ஸ் எல்லாம் இந்த மெஷின்கிட்ட கொண்டு வரக்கூடாது. நீங்களே சொல்லுங்க, இரும்பாச்சே.”

அப்பா ஒரு கணம் யோசித்தார். அடைப்பானைக் காதிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். எழுந்து நாற்காலியின் பின்பக்கம் போய், அதன் முதுகில் இரண்டு கையையும் வைத்தார்.

“அதுவும் சரிதான்,” என்றார். “அப்போ நாற்காலியை வராண்டாவுக்குத் தூக்கலாம். தேஜு, அந்தப் பக்கம் புடி.”